குழிக்கு ஒரு நாள், மரத்துக்கு முப்பது வருஷம்

திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கம் மரம் சம்பந்தமாக எந்த வேலை வந்தாலும் முதலில் எழும் பேச்சு "ஒரு ஜேசிபியைக் கூப்பிட்டிடலாம்" என்பதுதான். குழி எடுக்க, சீமைக் கருவேலத்தைப் பிடுங்க, பட்டுப்போன தென்னையைத் தள்ள, எல்லாவற்றுக்கும் அதே மஞ்சள் வண்டி. மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது, ஓட்டுநரோடு வருகிறது, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டுப் போகிறது. கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரத்தின் ஆயுளில் அந்த ஒரு நாள் மிகச் சிறிய பங்கு. களை எடுப்பதும் தண்ணீர் காட்டுவதும் முதல் இரண்டு மூன்று வருஷத்து வேலை. கவாத்தும் மட்டை கழிப்பதும் மரம் நிற்கிற வரைக்கும் உண்டு. ஒரு தடவை வந்துபோகும் வேலைக்குப் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம், திரும்பத் திரும்ப வரும் வேலைக்குத்தான் காசு போட்டுச் சின்ன இயந்திரம் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இங்கே நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். கையில் இருக்கும் பணமெல்லாம் முதல் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதி வருஷங்களை ஆள் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆள்தான் கிடைப்பதில்லை. பனியன் கம்பெனியில் தலைக்கு மேல் கூரை, ஷிப்டுக் கணக்கில் கூலி, வாரக் கடைசியில் சம்பளம். அதை விட்டு வெயிலில் களைக்கொத்து பிடிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மரம் நடும் ஆர்வமோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. வெற்றி அமைப்பு 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் இதுவரை பல லட்சம் கன்றுகள் மண்ணுக்குள் போயிருக்கின்றன. மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். மண் ஈரமாக இருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் நட்டாக வேண்டும், பிறகு எட்டு ஒன்பது மாத வறட்சியைக் கன்று தாங்க வேண்டும். இயந்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை, எந்த இயந்திரம் என்பதுதான் கேள்வி.

குழியிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 300 கன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி என்று குழி எடுத்தால் ஒன்றுக்கு 8 கன அடி, ஏக்கருக்கு 2,400 கன அடி மண் மேலே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். ஆகர் எனப்படும் குழி துளைக்கும் கருவி ஓரடி விட்டத்தில் இரண்டடி ஆழம் இறங்கினால் ஒரு குழிக்கு ஒன்றரை கன அடிக்குச் சற்று மேல். ஏக்கர் முழுக்கவும் 500 கன அடியைத் தாண்டாது. வேலை ஐந்தில் ஒரு பங்காகிறது. ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல் கனம். மழைக்குப் பிந்திய செம்மண்ணில் அது முதல் தடவை உருளும்போதே மண் இறுகத் தொடங்கிவிடும், மரத்தின் ஊட்ட வேர்கள் பரவுவதும் அதே மேல்மண்ணில்தான். போதாக்குறைக்கு அதன் வாளி அடியிலிருக்கும் சுண்ணாம்புச் சரளையை அள்ளி மேலே போட்டுவிட்டு, நல்ல மண்ணை அடியில் புதைத்துவிடும்.

குழி பெரிதாக இருந்தால்தானே வேர் ஓடும் என்று பழைய விவசாயிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசலில் ஆகர் சுழலும்போது துளையின் சுவர் வழவழவென்று மெழுகியது போலாகிவிடுகிறது. வேர் அதை முட்டி, வழியில்லாமல் உள்ளேயே வட்டம் போடும். தண்ணீரும் பானையில் நிற்பதுபோல் நிற்கும். அதனால் துளைத்த கையோடு கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். அதற்குக் குழிக்கு அரை நிமிடம் பிடிக்கும், அதைச் செய்யாத ஆகர் குழிக்குக் கைக்குழியே மேல். ஓரடிக்குக் கீழே பாறை தட்டும் நிலமாக இருந்தால் கைஆகரை நினைக்கவே கூடாது. முனை கல்லில் சிக்கிய நொடியில் சுழற்சி முழுக்கப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வந்துவிடும். அங்கே டிராக்டரில் பூட்டும் குழி எடுக்கும் கருவியோ, சிறிய எக்ஸ்கவேட்டரோதான் சரி. எது வேண்டும் என்பதை நிலத்தில் ஐந்தாறு இடத்தில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். துணியின் கனம் (ஜி.எஸ்.எம்.) எவ்வளவு என்று தெரியாமல் நிட்டிங் மிஷினின் ஊசி நெருக்கம் (கேஜ்) எது என்று முடிவு செய்யாத ஊர், மண் தெரியாமல் இயந்திரம் பேசுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நட்ட பிறகுதான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. மழை நின்ற இரண்டாம் மாதம் கன்றைவிடப் புல் உயரமாக நிற்கும். தோளில் மாட்டும் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துவந்து நைலான் நரம்பைச் சுழற்றிக்கொண்டே போகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேலை சுத்தமாகத்தான் தெரியும். கிட்டே குனிந்து பார்த்தால், கன்றின் அடியில் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்து, வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான். அது அறுந்த கன்று ஒரு மாதம் பச்சையாகவே நின்றுவிட்டுப் பிறகு காயும், பழி வறட்சியின் மேல் விழும். பரிகாரம் மிகச் சிறியது. சொட்டுநீர்க் குழாயின் பழைய துண்டையோ, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயையோ கன்றின் அடியில் மாட்டிவிட வேண்டும். அடியைச் சுற்றி ஓரடி வட்டத்தைக் கையால் கொத்திவிட்டு, மீதி இடத்தை மட்டும் இயந்திரத்துக்கு விட வேண்டும். இயந்திரத்தின் விலையையும் சி.சி.யையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தக் குழாய்த் துண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

பெரிய இயந்திரமே வேண்டாம் என்பது என் வாதமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலத்தைச் சங்கிலி ரம்பத்தால் தரைமட்டத்துக்கு அறுத்தால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாறாகத் தழைக்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தோடு பிடுங்கினால்தான் கதை முடியும், அதற்கு ஜேசிபிதான் சரியான கருவி. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் பிடுங்கிய நிலத்தை அப்படியே போட்டுவைத்தால் மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அந்த இளங்கன்றுகளை வருஷத்துக்கு இரண்டு தடவை களையெடுப்பது மறுபடியும் சின்ன இயந்திரத்தின் வேலை, கைக்கொத்தின் வேலை. காங்கயத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரங்களுக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே ஏழு டன் வண்டியை விடுவதற்கு முன்னால், பிடுங்கப்போவது எத்தனை மரம், நசுங்கப்போவது எவ்வளவு கொழுக்கட்டைப் புல் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அறுத்த மரம் எங்கே போகிறது என்பதில் திருப்பூருக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு அவை மாற வேண்டி வந்தது. கழிவுநீரைக் காய்ச்சி ஆவியாக்க நீராவி வேண்டும், அதற்குக் கொதிகலன்களில் விறகு எரிகிறது. ஆக, கிளைக்கும் கட்டைக்கும் ஊருக்குள்ளேயே வாங்க ஆள் உண்டு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பதால் காய வைக்காமல் கொடுத்தால் நல்ல விலை கிடைக்காது, அவ்வளவுதான். தென்னை வேறு மாதிரி. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வேர் வாடல் நோய் பரவி மரங்களை வெட்ட வேண்டி வந்தபோது, வெட்டிய மரத்தைத் தோப்பிலேயே மக்கவிட்டவர்கள் காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். மக்கும் தென்னந்தண்டில்தான் அது முட்டையிடுகிறது. மட்டைகளை எரிப்பதற்குப் பதில் டிராக்டரில் இணைக்கும் தூளாக்கும் கருவியில் போட்டால், அதே தோப்பில் மரத்தடிக்கு மூடாக்காகும். தென்னை வரிசைகளுக்கு நடுவே இருப்பது 25 அடி. 25 குதிரைத்திறன் மினி டிராக்டர் அதற்குத் தாராளம்.

இத்தனையும் சிறு விவசாயி வாங்க முடியுமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. புல்வெட்டியும் நீள்கம்புக் கவாத்து ரம்பமும் வாரம் ஒருமுறை கையில் எடுக்கிற பொருள்கள், அவை சொந்தமாக இருக்கட்டும். ஆகரும் தூளாக்கும் கருவியும் பத்துப் பேர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். வேளாண் கருவிகளுக்கான மத்திய மானியத் திட்டத்தில் சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் பெரிய இயந்திரங்கள் வாடகைக்கே கிடைக்கின்றன, 'உழவன்' செயலியில் பதிந்துகொள்ளலாம். சின்ன இயந்திரம் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதில் பாதி உண்மை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 முதல் 40 மில்லி வரை, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் ஒரே நாளில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தக் கெடுதல் இயந்திரத்தின் குற்றமில்லை.

அதனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பதற்கு வருகிறோம். சங்கிலி ரம்பத்தின் நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். இதைத் தெரியாதவரிடம், ஹெல்மெட்டும் கால்கவசமும் இல்லாமல், ஏணியில் நின்று ஒற்றைக்கையால் அறுக்கச் சொல்வது எந்தச் சிக்கனத்திலும் சேராது. கூலி பேசும் முறையும் இதோடு சேர்ந்தது. மணிக்கணக்கில் பேசினால் வேலை இழுக்கும், ஏக்கர் கணக்கில் பேசினால் நைலான் நரம்பு கன்றின் பட்டையில்தான் ஓடும். களையெடுப்புக் கூலியில் கால்பங்கை நிறுத்திவைத்து, ஆறு மாதம் கழித்து உயிரோடு நிற்கும் கன்றை எண்ணித் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொண்டால் புல்வெட்டுபவரே பிவிசி துண்டு எங்கே என்று கேட்பார்.