தங்க நிற மூட்டில் தங்கம் இருக்கிறதா?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் பார்க்கும் வீடுகளில் இன்று இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது: "கோல்டு மூட்டு போடலாமா, சாதாவே போதுமா?" இரண்டு மாதிரிகளையும் காட்டுவார்கள். ஒன்று வெள்ளிபோல் மின்னும், மற்றது தங்கம்போல். விலையும் கூடுதலாக இருப்பதால் தங்கநிறத்தைத்தான் உசத்தி என்று நினைக்கத் தோன்றும்.

அதில் தங்கம் இருக்கிறதா? பொட்டுகூட இல்லை. அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு (டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த, பீங்கான்போல் கடினமான பொருள்) தருவது. சிலவற்றில் நியோபியம் என்ற உலோகத்தையும் சேர்ப்பார்கள். ஹார்டுவேர் கடையில் தங்கநிற டிரில் பிட் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதன்மேல் இருப்பதும் இதே டைட்டானியம் நைட்ரைடுதான்.

எப்படிப் பூசுகிறார்கள்? காற்றை வெளியேற்றிய ஓர் அறைக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவை உள்ளே விடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் படிகின்றன. கனம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்கள் தலைமுடி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன்.

அடியில் இருப்பது என்ன? பெரும்பாலும் சாதா மூட்டில் இருக்கும் அதே கோபால்ட்-குரோம் கலப்பு உலோகம். குரோமியம் 27 முதல் 30 சதவீதம், மாலிப்டினம் 5 முதல் 7 சதவீதம், மீதியில் ஏறக்குறைய எல்லாமே கோபால்ட். நிக்கல் அரை சதவீதத்துக்கும் குறைவு.

அது உடம்புக்குள் துருப்பிடிக்காதா? நம் உடம்பின் நீர் உப்பு கலந்தது, 37 டிகிரி வெப்பத்தில் இருப்பது. சாதாரண இரும்பு அதில் தாங்காது. இந்த உலோகம் தாங்கும். இதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உராய்வில் படலம் கிழிந்தால் மறுபடி உருவாகும். அதற்குள் உலோக அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) மிகச் சிறிதளவு கசியும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. அந்தக் கசிவைக் குறைக்கவும், மேற்பரப்பில் கீறல் விழாமல் காக்கவும்தான் தங்கநிறப் பூச்சு.

அப்படியானால் யாருக்கு அது தேவை? உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு. கவரிங் தோடு போட்டால் காது மடல் புண்ணாகிறதா? வாட்ச் பின்பக்கம் படும் இடத்தில் தடித்துப்போகிறதா? பேன்ட் பட்டன் படும் வயிற்றில் அரிப்பா? இவை நிக்கல் ஒவ்வாமையின் அறிகுறிகளாக இருக்கலாம். கேட்கும்வரை காத்திருக்காமல், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சொன்னவுடன் பயப்படவும் வேண்டாம். தோலில் அரிப்பு வருபவர்களுக்கெல்லாம் மூட்டிலும் பிரச்சினை வரும் என்று இல்லை. கவரிங் ஒத்துக்கொள்ளாத பலர் சாதா மூட்டோடு நன்றாக நடக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளலாம். ஒவ்வாமை உறுதியானால் பூச்சுள்ள மூட்டைக் கேட்பதில் நியாயம் உண்டு.

கறுப்பு நிறத்திலும் ஒன்று உண்டு. அது பூச்சு அல்ல. சிர்கோனியம் கலப்பு உலோகத்தைக் காற்றில் சூடாக்கும்போது, அதன் மேற்பரப்பே சுமார் 5 மைக்ரான் ஆழத்துக்குப் பீங்கானாக மாறிவிடுகிறது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

ஒவ்வாமை எதுவும் இல்லை, ஆனாலும் நீண்ட நாள் உழைக்குமே என்கிறீர்களா? விளம்பரங்களில் வரும் "30 வருஷம்" போன்ற கணக்குகளை நான் அப்படியே நம்பமாட்டேன். அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் இயந்திரத்தில் வைத்து மடக்கி நீட்டிப் பார்த்த சோதனைகள்தான். ஆட்களுக்குப் பொருத்தி ஒப்பிட்ட ஆய்வுகளில், பூச்சு உள்ளதற்கும் இல்லாததற்கும் வலியிலோ நடையிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சாதா மூட்டே நன்றாக உழைக்கிறது: 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, முழு முழங்கால் மூட்டுகளில் 100-க்குச் சுமார் 82 மூட்டுகள் 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன.

மறு ஆபரேஷன் எதனால் வருகிறது என்று பாருங்கள். கிருமித்தொற்று, எலும்போடு பிடிப்பு தளர்வது, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தேய்வது. தொற்றைத் தங்கநிறப் பூச்சு தடுக்காது. கோணல் இல்லாமல் பொருத்தும் கைப்பழக்கமும், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும்தான் அங்கே உதவும். கூடுதல் பணம் கையில் இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகான பிசியோதெரபிக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

விலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். மத்திய அரசு 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அப்போது கோபால்ட்-குரோம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சைடாக்கிய சிர்கோனியம் வகைகளுக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இன்றைய உச்ச விலை என்ன, நீங்கள் வாங்குவது எந்த வகையில் வருகிறது என்று கேளுங்கள். மூட்டின் விலையை பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மூட்டு வரும் பெட்டிக்குள் சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி பெயர், அளவு, உலோக வகை, லாட் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒரு செட்டை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பல வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் அந்த முழங்காலைத் திறக்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பது எந்த மூட்டு என்று அவர் முதலில் தேடுவது அந்த ஸ்டிக்கரைத்தான்.