ஏக்கருக்கு இருபத்திரண்டு ரூபாய்

2010 அக்டோபரில் எத்தியோப்பிய வேளாண் அமைச்சகமும் பெங்களூரைச் சேர்ந்த கருட்டூரி குளோபல் நிறுவனமும் ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டன. இன்றைய தெற்கு சூடான் எல்லையை ஒட்டிய கம்பேலா மாநிலத்தில் 1,00,000 ஹெக்டேர் நிலம். அதைத் திருத்திப் பயிர் ஏற்றிவிட்டால் இன்னும் 2,00,000 ஹெக்டேர். காலம் 50 வருடம். குத்தகை, ஹெக்டேருக்கு வருடம் 20 பிர் (எத்தியோப்பிய நாணயம்). அன்றைய மாற்று விலையில் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு ரூபாய். அந்த வருடம் பெங்களூரில் நாலைந்து டீ குடித்தால் தீர்ந்துவிடும் பணம். மூன்று லட்சம் ஹெக்டேரும் கைக்கு வந்திருந்தால் சென்னை மாநகராட்சியைப் போல ஏழு அதற்குள் அடங்கியிருக்கும்.

2015 டிசம்பரில் அதே அமைச்சகம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அரசு சொன்ன காரணம், அதுவரை பயிருக்கு வந்த நிலம் 1,200 ஹெக்டேர்தான் என்பது. நிறுவனம் மறுத்தது, வாதாடியது, கடைசியில் நாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

வேளாண்மைக்கு அந்நிய முதலீட்டை எப்படி ஈர்ப்பது என்ற கேள்விக்கு, ஏறக்குறைய ஒரே பத்தாண்டுக்குள் மூன்று வெவ்வேறு விடைகளை எழுதிப் பார்த்த நாடு எத்தியோப்பியா. கம்பேலா அதில் ஒரு விடை. மிக மோசமாகத் திருத்தப்பட்ட விடைத்தாளும் அதுதான்.

அந்தக் காலத்தின் அவசரத்தையும் சொல்ல வேண்டும். 2007, 2008இல் உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் விலை எகிறின. இந்தியா பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. பாலைவனத்தில் நிலத்தடி நீரை இறைத்துக் கோதுமை விளைவித்துவந்த சவுதி அரேபியா, தண்ணீர் தீர்ந்துகொண்டிருப்பதால் அதைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. காசு இருந்தாலும் சோறு கிடைக்காமல் போகலாம் என்ற பயம் வந்ததும், பணக்கார நாடுகளும் நிறுவனங்களும் அடுத்தவர் மண்ணைத் தேடிக் கிளம்பின. தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேரை 99 வருடத்துக்குக் கேட்டது 2008இல் வெளியே தெரிந்தபோது, அங்கே எழுந்த கொந்தளிப்பு 2009 மார்ச்சில் அதிபர் ரவலோமனானா பதவி இழந்ததற்கான காரணங்களில் ஒன்றாக அமைந்தது.

எத்தியோப்பியப் பிரதமர் மெலெஸ் செனாவியின் அரசு இந்தத் தேடலைத் தனக்கு வாய்ப்பாகப் பார்த்தது. அரசியலமைப்புப்படி நிலம் முழுவதும் அரசுக்கும் மக்களுக்கும் பொது. விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட துண்டுகளை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசின் நில வங்கிக்குக் கொண்டுவந்தார்கள். குத்தகையைக் கிட்டத்தட்ட இனாமாக்கி, வரிவிலக்கும் கொடுத்தார்கள். வந்து இறங்கும் ஆள் சாலை போடுவார், வேலை கொடுப்பார், தானியம் ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவருவார் என்பது கணக்கு. அப்படி எதிர்பார்த்ததில் தவறில்லை. மேய்ச்சலையும் ஏர்மாட்டையும் நம்பிய, பஞ்சத்தை மறக்காத நாடு அது.

தவறு அந்த விலையில் இருந்தது. சும்மா கிடைக்கும் நிலத்துக்கு யார் வருவார்கள்? உலக வங்கி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. 2009க்குள் அறிவிக்கப்பட்ட பெரிய நில ஒப்பந்தங்களில், பாதிக்கும் மேல் இல்லை, கால்வாசிகூட இல்லை, 21 சதவீதத்தில்தான் விவசாயம் தொடங்கியே இருந்தது. அதைவிடச் சங்கடமான ஒன்றையும் அது சொன்னது. மற்ற தொழில்களில் முதலீட்டாளர்கள் சட்டம் உறுதியாக இருக்கும் நாட்டைத் தேடிப் போவார்கள். நிலத்துக்காக வந்தவர்களோ கிராமத்து மக்களின் நில உரிமைக்கு மதிப்பில்லாத நாடுகளை அதிகம் நாடியிருந்தார்கள்.

கம்பேலாவின் நிலம் மலிவாக இருந்ததற்குக் காரணம், அது யாருடையது என்று எந்தக் காகிதத்திலும் இல்லாததுதான். அனுவாக் மக்கள் பாரோ ஆறு வடிந்த ஈரத்தில் சோளம் விதைப்பார்கள், மண் சலித்தால் வேறிடம் போவார்கள், காட்டில் தேன் எடுப்பார்கள், மீன் பிடிப்பார்கள். நுவேர் மக்கள் மாடுகளோடு நகர்வார்கள். தரிசு விட்டிருப்பதும் அந்த விவசாயத்தில் ஒரு பருவம். அதிகாரியின் பார்வையில் அது காலி நிலம். இதே சமயத்தில் 45,000 குடும்பங்களை மூன்று வருடத்தில் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டமும் கம்பேலாவில் நடந்தது. பள்ளியும் மருத்துவமனையும் தருவதற்காக, அவரவர் விருப்பத்தின் பேரில் என்றது அரசு. கட்டாயப்படுத்தினார்கள், போன இடத்தில் சொன்ன வசதி எதுவும் இல்லை என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012இல் அறிக்கை வெளியிட்டது. குத்தகைக்கும் குடிபெயர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்று அரசு சொன்னதை அங்கே நம்பியவர்கள் குறைவு. சவுதி ஸ்டார் என்ற நிறுவனம் நெல் போட 10,000 ஹெக்டேர் எடுத்திருந்தது. 2012 ஏப்ரலில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அதன் ஊழியர்கள் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கருட்டூரியை வீழ்த்தியதில் ஆற்றுக்கும் பங்குண்டு. 2011இல் பாரோ பெருகி, நிறுவனம் எழுப்பிய கரைகளை உடைத்து, அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆறு வருடாவருடம் பெருகுவது அனுவாக் சிறுவனுக்குக்கூடத் தெரியும். நிறுவனத்துக்கு விவசாயம் தெரியாமலும் இல்லை. 2007இல் கென்யாவின் நைவாஷாவில் பெரிய மலர்ப் பண்ணையை வாங்கி, உலகிலேயே அதிக ரோஜா விளைவிப்பவர் என்று பேர் வாங்கியிருந்தது. பசுமைக்குடிலுக்குள் சொட்டுநீரை அளந்து விடுகிற கைக்கு வெள்ளச் சமவெளி வேறு பாடம். தலைநகரிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊரில் டிராக்டர் உதிரிபாகம் ஒன்று கெட்டால் என்னவாகும் என்பதையும் குத்தகைத் தொகை சொல்லாது. நைவாஷா பண்ணையும் 2014இல் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது.

போகிறபோக்கில் ஒன்று. தமிழ்நாட்டில் ஐந்து பேர் வரை உள்ள ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலம் 15 தரநிலை ஏக்கர். இந்தியாவில் தேயிலை, காப்பி போன்ற தோட்டப்பயிர்களுக்கும் மலர், காய்கனி, விதை போன்ற சிலவற்றுக்கும் அந்நிய முதலீடு உண்டு. சாதாரண வயல் விவசாயத்தில் இல்லை. சொந்த ஊரில் கனவுகூடக் காண முடியாத பரப்பைத் தேடித்தான் நம் நிறுவனங்கள் கப்பலேறின.

இரண்டாவது விடை ரோஜா. எத்தியோப்பிய மலர்த் தொழில் 2000க்குப் பிறகு, கென்யாவை அடுத்து ஆப்பிரிக்காவில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. இங்கேயும் வரிவிலக்கு இருந்தது, வளர்ச்சி வங்கி முதலீட்டில் 70 சதவீதம் வரை கடன் கொடுத்தது. ஆனால் வந்தவர்களை இழுத்தது நிலத்தின் விலை மட்டுமில்லை. அடிஸ் அபாபாவைச் சுற்றி ஹொலெட்டாவிலும் செபெட்டாவிலும் 2,000 மீட்டருக்கு மேலான உயரம். குளிர் இரவில் பூ நிதானமாகப் பருக்கும். விமான நிலையம் பக்கத்தில். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சரக்கு விமானமும் குளிர்பதனக் கிடங்கும் வைத்திருந்தது. மாலையில் வெட்டிய பூ மறுநாள் ஐரோப்பாவில் இறங்கும். ஸ்வாய் ஏரிக்கரையில் 2005இல் தொடங்கிய டச்சுக்காரர்களின் ஷெர் பண்ணை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கேகேஆர் 2014இல் ஆப்பிரிக்காவில் முதன்முதலாக நேரடியாகப் பணம் போட்ட இடமும் அதுதான். கம்பேலாவில் குத்தகைக்கு விட்ட பரப்போடு ஒப்பிட்டால் மலர்ப் பண்ணைகள் கைக்குட்டை அளவு.

ரோஜாவுக்கும் முள் உண்டு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லாத நாட்டில், பெரும்பாலும் இளம்பெண்களைக் கொண்டு நடக்கும் தொழில் அது. ஸ்வாய் ஏரியின் நீர்மட்டமும் பூச்சிமருந்துக் கழிவும் தீராத சர்ச்சை. 2016 ஆகஸ்டில் அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்தபோது பஹிர் தாரில் எஸ்மரால்டா என்ற டச்சு மலர்ப் பண்ணை எரிக்கப்பட்டது. போராடியவர்களின் கோபம் அரசின் மேல்; எரிந்தது அரசு வருந்தி அழைத்துவந்தவரின் சொத்து. நிலம் கொடுத்தவர் யாரோ, இழந்தவர் யாரோ என்று இருக்கும்வரை இந்தத் தீ எங்கே பற்றும் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது விடை பீர். பீர் நிறுவனமான ஹைனக்கன் 2011இல் அரசிடமிருந்து பெடெலே, ஹரார் பீர் ஆலைகளை விலைக்கு வாங்கியது. அடுத்த வருடம் மது நிறுவனமான டியாஜியோ மெட்டா ஆலையை வாங்கியது. மதுவை வைத்து வேளாண்மை பேசுவதா என்று நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். ஆனால் பீருக்கு மால்ட் என்ற முளைகட்டிய தானியம் வேண்டும், மால்ட்டுக்குப் பார்லி வேண்டும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பார்லி தொன்றுதொட்டு விளைகிறது, பெரும்பாலும் உணவுக்கான ரகம். மால்ட்டின் பெரும்பகுதி கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஹைனக்கன் ஒரு ஹெக்டேர்கூட விவசாயம் செய்யக் கேட்கவில்லை. ஆர்சி, பாலே பகுதிகளின் சிறு விவசாயிகளுக்குக் கூட்டுறவுகள் வழியாக டிராவலர், கிரேஸ் என்ற ரகங்களின் விதையையும் உரத்தையும் கொடுத்து, விளைந்ததை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது. நிலம் உழுதவர் பேரிலேயே இருந்தது. பார்லி நிச்சயமாகக் கிடைக்கும் என்று ஆனதும், பிரான்ஸின் சூஃப்லே அடிஸ் அபாபாவிலும் பெல்ஜியத்தின் பூர்ட்மால்ட் தெப்ரே பிர்ஹானிலும் மால்ட் ஆலை கட்டின. முதல் முதலீடு அடுத்த முதலீட்டை அழைத்துவந்தது. கம்பேலாவில் நடக்காதது இதுதான்.

இதிலும் சண்டை உண்டு. விதை வாங்கிக்கொண்ட விவசாயி, அறுவடையன்று களத்துக்கே ரொக்கத்தோடு வரும் வியாபாரிக்கு மூட்டையைத் தள்ளிவிடுகிறார். ஆலைக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். பணம் தாமதமாக வருகிறது, ஈரம் அதிகம் என்று சொல்லி எடையில் பிடிக்கிறீர்கள் என்று விவசாயி பதில் சொல்கிறார். அடுத்த பருவத்தில் ஆலை விலையைக் கொஞ்சம் ஏற்றுகிறது, அல்லது கூட்டுறவுக்கு முன்பணம் தருகிறது. கம்பேலாவில் அனுவாக் விவசாயியிடம் இப்படிப் பேரம் பேச யாரும் வரவில்லை; அவர் கையில் விற்கவோ மறுக்கவோ எதுவும் விடப்பட்டிருக்கவில்லை.