மேடையின் எழுச்சியும் ஒலிப்பதிவும்: அந்தமான் ஆடுகளம் தரும் விடை

ராக் இசைக்குழு ஒன்று ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கு முன்னால் வாசிக்கும்போது அரங்கை நிறைக்கும் எழுச்சியை, வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு ஒலிப்பதிவு கொண்டுசேர்க்குமா என்பது, ‘லைவ் ஆல்பம்’ எனப்படும் தொகுப்புகள், அதாவது ஸ்டுடியோவில் அல்லாமல் மேடையிலேயே பதிவு செய்து வெளியிடப்படும் இசைத்தொகுப்புகள், பெருகத் தொடங்கிய 1960களிலிருந்து விவாதிக்கப்பட்டுவரும் கேள்வியாகும். இதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் ஒலிவாங்கியின் தரத்தையும் பொறியாளரின் திறமையையும் பற்றியே பேசுகின்றனர். அவற்றுக்கு முன்பாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அந்த எழுச்சி எதனால் உண்டாகிறது, யாரிடத்தில் உண்டாகிறது என்பதே. அதற்கான ஆழமான விளக்கம் ஒன்று, ராக் இசை பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வங்கக் கடலின் அந்தமான் தீவுகளில் நடந்த கள ஆய்வொன்றிலிருந்து கிடைத்துள்ளது.

பார்வையாளர் இல்லாத அரங்கு

அந்தமான் பழங்குடியினரின் பாட்டையும் ஆட்டத்தையும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிந்தவர்கள், போர்ட் பிளேரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகளான ஈ. எச். மேன், எம். வி. போர்ட்மேன் ஆகிய இருவர். இவர்களுள் போர்ட்மேன் 1888இல் அந்தமானியர் இசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பின்னர் 1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன், ‘தி அந்தமான் ஐலாண்டர்ஸ்’ என்னும் நூலை 1922இல் வெளியிட்டார்.

இவர்களின் எழுத்துகளிலிருந்து அந்த ஆடுகளத்தின் அமைப்பை நன்கு அறிந்துகொள்ள முடிகிறது. கேடயம் போன்று வளைவாகச் செதுக்கிய மரப்பலகை ஒன்றின் முனையைத் தரையில் ஊன்றி, அதைக் காலால் உதைத்துத் தாளமிட்டபடியே ஒருவர் தாம் இயற்றிய பாட்டைப் பாடுவார். ஏனெனில் அங்கு ஒவ்வோர் ஆணும் தன் பாட்டைத் தானே இயற்றிக்கொள்வது வழக்கம். ஒருபுறம் வரிசையாகக் கால்நீட்டி அமர்ந்திருக்கும் பெண்கள், பாட்டின் இறுதி அடியை வாங்கித் திரும்பத் திரும்பப் பாடுவதோடு, தொடைகளுக்கு இடையிலான குழிவில் உள்ளங்கையால் அறைந்து பலகையின் தாளத்தோடு தாளம் சேர்ப்பார்கள். மற்றவர்கள் களத்தைச் சுற்றி ஆடுவார்கள். பலகை அதிர்வது, கை அறைவது, கால் மிதிப்பது ஆகிய மூன்றும் ஒரே தாளத்தில் இணைய, ஆட்டம் இரவில் மணிக்கணக்காக நீடிக்கும்.

இந்த ஆட்டத்தை ஆராய்ந்த ராட்கிளிஃப்-பிரவுன் கண்ட முடிவு முக்கியமானது. தாளம் என்பது மனிதரை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் ஒரே நேரத்தில் உந்தும் ஆற்றல் என்றும், அதற்கு இணங்கி ஆடுபவருக்கு இன்பமும் இணங்காமல் நிற்பவருக்கு அமைதியின்மையும் உண்டாகும் என்றும், எல்லாரும் ஒருசேர இணங்கும்போது தனி மனித உணர்வு விரிவடைந்து, தாங்கள் ஒரே சமூகம் என்பதை ஒவ்வொருவரும் உடலால் அறிகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். பாடுபவர், எதிர்ப்பாட்டுப் பாடுபவர், ஆடுபவர் என்று எல்லாருக்கும் வேலை இருந்த அந்தக் களத்தில், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் தரப்பு என்று ஒன்று இருக்கவில்லை. ராக் கச்சேரியில் பல்லவியை ரசிகர்களே பாடுவதும், தலைக்கு மேல் கைதட்டித் தாளம் காட்டுவதும், நின்ற இடத்திலேயே குதிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே எழுச்சி என்பது மேடையிலிருந்து ஒருவழியாகப் பாய்வதன்று. மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே விளைவது. பதிவுக்கருவிக்கு முன்னால் இருக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

உடல் கேட்கும் ஒலி

இவ்விளக்கத்தின் சில பகுதிகளை இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளந்து பார்த்துள்ளன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், கச்சேரி அரங்காகவும் ஆய்வுக்கூடமாகவும் ஒருங்கே பயன்படும் ‘லைவ்லேப்’ என்னும் கூடம் உள்ளது. ராக் பாடகர் இயன் ஃபிளெட்சர் தார்ன்லியின் பாடல்களை அவரே மேடையில் பாடக் கேட்டவர்களையும், அதே அரங்கில் அவருடைய ஆல்பத்தை ஒலிக்கவிடக் கேட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டபோது, நேரில் கேட்டவர்களின் தலையசைவு கூடுதல் வேகத்துடன் இருந்தது. அதே கூடத்தில் நடந்து 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், மின்னணு இசை நிகழ்ச்சி ஒன்றின்போது, காது தனியே பிரித்தறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியை, அதாவது நொடிக்கு 8 முதல் 37 அதிர்வுகள் கொண்ட ஒலியை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். அந்த ஒலி இயங்கிய வேளைகளில் கூட்டத்தினரின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது; ஆனால் அப்படியோர் ஒலி இருந்ததையே அவர்கள் உணரவில்லை.

கச்சேரியில் தோலும் மார்புக்கூடும் பாதங்களும்கூட ஒலியைப் பெறுகின்றன என்பதை இது காட்டுகிறது. தரையில் ஊன்றிய பலகையைக் காலால் உதைத்த அந்தமான் பாடகரும் ஒலியைக் காற்றில் மட்டுமன்றி மண்ணிலும் செலுத்தினார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இத்தகைய தாழ்ந்த ஒலியை எழுப்பவே இயலாது. மேலும், ஒலியின் அளவு குறையும்போது மனிதக் காது தாழ்ந்த சுருதிகளையே முதலில் இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் 1933இலேயே நிறுவினார்கள். ஆகையால் மேடையில் இடியென ஒலித்த பேஸ் கிட்டாரும் டிரம்ஸும், அண்டை வீட்டார்க்குத் தொல்லையின்றி அளவைக் குறைத்துக் கேட்கும்போது தம் விகிதத்தை இழந்துவிடுகின்றன. மேடையின் ஒலி எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் மைதானத்தில் ‘தி ஹூ’ இசைக்குழு வாசித்தபோது, மேடையிலிருந்து 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் அளவு பதிவாகி, அது கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது. செவியைக் கெடுக்கும் போட்டி வளர்ந்துவிடக் கூடாது என்று அந்நூல் பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது.

மூன்று பதிவுகள், மூன்று பாடங்கள்

கூட்டத்தின் ஒலியை அப்படியே பதிந்துவிட்டால் எழுச்சி பதிவாகிவிடும் என்று கருதுவது தவறு என்பதற்கு ‘தி பீட்டில்ஸ்’ குழு 1964இலும் 1965இலும் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பௌலில் நடத்திய நிகழ்ச்சிகளே சான்று. ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனதால், அந்த ஒலிநாடாக்கள் 1977 வரை வெளிவராமலே கிடந்தன. பல தடங்கள் கொண்ட ஒலிப்பதிவில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, பின்னர் அவற்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்யலாம். ஆனால் அந்நிகழ்ச்சிகள் மூன்றே தடங்களில் பதிவானவை. எல்லாத் தடங்களிலும் கூச்சல் நுழைந்திருந்தது. கூட்டத்தின் ஒலியைக் கணினி நுட்பத்தால் ஓரளவு விலக்கிய புதிய பதிப்பு 2016இல்தான் வந்தது.

அதற்கு மாறானது ‘தின் லிஸி’ குழு 1978இல் வெளியிட்ட ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’. மேடைப்பதிவில் நேர்ந்த பிழைகளைப் பின்னர் ஸ்டுடியோவில் மீண்டும் பாடியும் வாசித்தும் மாற்றுவதைப் பின்சேர்ப்பு எனலாம். இந்த ஆல்பத்தில் முக்கால் பங்கு அவ்வாறு பின்னர் சேர்க்கப்பட்டதே என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி கூறினார். குழுவினர் அதை மறுத்தனர். எது உண்மையாயினும், கேட்போர் பலரும் இதை மிகச் சிறந்த லைவ் ஆல்பங்களுள் ஒன்றாகவே போற்றுகின்றனர்.

‘டீப் பர்ப்பிள்’ குழு 1972 ஆகஸ்ட் மாதம் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவு செய்த ‘மேட் இன் ஜப்பான்’ மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பின்சேர்ப்பு எதுவும் இல்லை என்று குழுவினர் சொல்லிவந்த ஆல்பம் இது. அதே ஆண்டில் ஸ்டுடியோவில் ஏறத்தாழ நாலரை நிமிடம் ஒலித்த ‘ஸ்பேஸ் டிரக்கின்’ என்னும் பாடல், இங்கே ஏறத்தாழ 20 நிமிடம் நீள்கிறது. மற்றொரு பாடலில் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் ஒரு சொற்றொடரை வாசிக்க, பாடகர் இயன் கில்லன் அதைக் குரலால் திருப்பித் தருகிறார். கிட்டார் மேலே ஏற ஏற, குரலும் விடாமல் தொடர்கிறது. கூட்டத்தின் ஆரவாரம் குறைவாகவே கேட்கும் இந்த ஆல்பத்தில், கூட்டம் எதிரில் இருந்ததால் இசைக்குழுவுக்கு வந்த துணிவு முழுமையாகப் பதிவாகியுள்ளது. லைவ் ஆல்பத்தின் உண்மையான பேறு இதுவே. கேட்பவரின் உடலில் எழுந்த அதிர்வைப் பதிவால் தர முடியாவிட்டாலும், அந்த அதிர்வு கலைஞரிடம் உண்டாக்கிய மாற்றத்தைத் தர முடியும்.

கச்சேரி அறிந்தவர்களுக்குப் புதிதல்ல

தமிழ் ரசிகர்களுக்கு இந்த உண்மை சபாக்களின் வழியே பழகியது. ஒரு ராகத்தை எவ்வளவு நேரம் ஆலாபனை செய்வது, எந்த வரியில் நிரவலுக்கு நிற்பது, தனி ஆவர்த்தனத்தை எங்கே முடிப்பது என்பவை, முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி அமர்ந்திருக்கும் ரசிகரின் முகத்தைப் பார்த்தே பல வேளைகளில் முடிவாகின்றன. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை ஜாகிர் உசேன், கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம், மிருதங்க வித்துவான் ராமநாதபுரம் ராகவன் ஆகியோர் சேர்ந்த ‘சக்தி’ குழு, தன் முதல் ஆல்பத்தையே 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து வெளியிட்டது. கேட்போர் முன்னிலையில் மட்டுமே பிறக்கக்கூடிய லய உரையாடல் அதில் உள்ளது. இந்திய ராக் குழுக்களிலும் டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’, வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மியின் நினைவாகச் சஹ்மத் என்னும் கலைஞர் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் வாசித்ததையே 1997இல் ‘டெசர்ட் ரெயின்’ என்னும் ஆல்பமாக வெளியிட்டது.

தீவுகளுக்கு வந்த ஒலியும் தீவுகளின் ஒலியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி வாழ்ந்த ஏறத்தாழ 3.8 லட்சம் பேரில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காடு. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணத் தொலைவில் இருக்கும் இவர்களுக்கு, பெருநகரக் கச்சேரி என்பது பெரும்பாலும் பதிவின் வழியாகவே வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும்வரை, செயற்கைக்கோளை நம்பியிருந்த மெதுவான இணையத்தில் முழுக் கச்சேரி ஒன்றைப் பார்ப்பதுகூட எளிதாக இருக்கவில்லை. அத்தகைய இடத்தில் லைவ் ஆல்பத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது அநீதியாகும். அரங்குக்குச் செல்ல வழியற்றவருக்கு அது முழுமையான அனுபவம் அல்லாவிட்டாலும், அந்த இரவில் மேடையில் நடந்ததற்கான நம்பத்தக்க சாட்சியமாகும்.

சாட்சியத்தின் அருமையை இத்தீவுகளே மிகக் கடுமையான முறையில் உணர்த்தியுள்ளன. போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரையும், அவர் சார்ந்த ‘பெரிய அந்தமானியர்’ என்னும் பழங்குடிக் குழுவின் மற்றவர்களையும் தேடிச்சென்று பதிவு செய்த மொழியும் பாட்டும் இன்று எஞ்சியிருக்கின்றன. அவர்களிடம் கேட்ட கதைகளையும் பாடல்களையும் அப்பி 2021இல் நூலாகவும் வெளியிட்டார். ஒலிப்பலகையும், எதிர்ப்பாட்டுப் பாடும் பெண்களின் நீண்ட வரிசையும், விடியும்வரை ஆடிய கூட்டமும் கலைந்துபோன பிறகு செய்யப்பட்ட பதிவுகள் இவை. ராட்கிளிஃப்-பிரவுன் விவரித்த எழுச்சியை இவற்றிலிருந்து மீட்க முடியாது. ஆயினும் இவையும் இல்லாதிருந்தால், அப்படியொரு குரல் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

ஆகவே, லைவ் ஆல்பம் கச்சேரியின் எழுச்சியை முழுவதும் பிடித்துவைப்பதில்லை. எழுச்சியால் கலைஞர் எட்டிய உயரத்தை மட்டும் பிடித்துவைக்கிறது. அந்த உயரத்தைத் திருத்தாமல், மெருகேற்றி மறைக்காமல் தரும் பதிவே சிறந்த பதிவு. மற்றொரு பாதி, கேட்பவர் தம் உடலோடு சென்று நிற்கும் இடத்தில்தான் உண்டாகும். போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நடக்கும் தீவுச் சுற்றுலா விழாவிலும், கோயில் திருவிழா மேடைகளிலும், பள்ளிக் கலைவிழாக்களிலும் உள்ளூர் இளைஞர் குழுக்கள் வாசிக்கும்போது, ரசிகர்கள் கைப்பேசியைச் சற்று நேரம் பையில் வைத்துவிட்டுத் தாளத்தில் சேர்ந்துகொள்வதும், விழாவை நடத்துவோர் அந்நிகழ்ச்சிகளை முறையாகப் பதிவு செய்து பாதுகாப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் இழப்பு இசைக்கே.