வலப்பக்கச் சிக்னல் அவசரமாகத் துடித்தால்...

மன்னாரில் உம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு கொண்டச்சிக்குத் திரும்பும்போது மஃரிப் நேரம் தாண்டிவிட்டது. முன் சீற்றில் மச்சி. பின்னால் பிள்ளைகள் தூக்கம். அரிப்பு, சிலாவத்துறை எல்லாம் கடந்து, எங்கள் ஒழுங்கைக்குத் திரும்ப வலப்பக்கச் சிக்னலைப் போட்டேன். வழமையாக 'டிக்... டிக்...' என்று நிதானமாகக் கேட்கும் சத்தம் அன்று 'டிக்டிக்டிக்' என்று ஓடியது. அதைப் பெரிதாக எடுக்காமல் திருப்பத் தொடங்கினேன். பின்னால் வந்த லொறியொன்று ஹோன் அடித்தபடி வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு போனது. கதவுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

"நான் சிக்னல் போட்டுத்தானே மச்சி திருப்பினேன்?"

"போட்டீங்க. எனக்கும் சத்தம் கேட்டிச்சே."

வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தோம். முன்னால் வலது லைட் மின்னியது. பின்னால் ஒரே இருட்டு. லொறிக்காரரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் திரும்பப் போகிறேன் என்று அவருக்கு யார் சொன்னது?

நம் நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் ஓடுகிறது. ஆகவே இடப்பக்கம் திரும்புவது இலேசு. வலப்பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் வாகனத்தின் பாதையைக் கடக்கிறோம். பின்னால் வருபவர் முந்துவதும் அதே பக்கத்தால்தான். அவருக்கு நம் எண்ணத்தைச் சொல்லும் ஒரே வாய் அந்தப் பின் குமிழ். ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாத குமிழும் அதுவேதான்.

ஆனால் கார் நமக்குச் சொல்லாமல் இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் முன்னால் 21 வாட் குமிழொன்றும் பின்னால் 21 வாட் குமிழொன்றும், பெரும்பாலும் பக்கவாட்டில் சின்னதொன்றும் இருக்கும். இவற்றை மின்னச் செய்யும் 'பிளாஷர்' என்னும் சிறு பெட்டி, தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தை உணர்கிறது. ஒரு குமிழ் எரிந்துபோனால் மின்னோட்டம் குறைகிறது. உடனே அது வேகமாகத் துடிக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டியது, கிட்டத்தட்ட இரு மடங்காகும். அன்று எனக்குக் கேட்ட ஓட்டம் இதுதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் சத்தம் வேகமானால், அந்தப் பக்கக் குமிழ் ஒன்று போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பியூஸ் போயிருந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் மின்னாது.

மறுநாள் காலை கராஜுக்கு விடுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்காரர் கட்டாரில். கராஜில் காத்திருந்தால் அரை நாள் போய்விடும். "நீங்க கேஸ் சிலிண்டர் மாத்துறீங்க. இது அதைவிடப் பெரிய வேலையா?" என்று மச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

சாவியை எடுத்துவிட்டு எல்லா லைட்டையும் நிறுத்தினோம். எங்கள் காரில் பின் கதவைத் திறந்தால் லைட் பெட்டியின் ஓரத்தில் இரண்டு திருகாணி தெரியும். நட்சத்திரத் திருப்புளியால் அவற்றைக் கழற்றிப் பெட்டியை நேராகப் பின்பக்கம் இழுத்தால் வயரோடு வெளியே வரும். பலமாக இழுக்க வேண்டாம், வயர் நீளம் குறைவு. வேறு சில கார்களில் டிக்கிக்குள்ளே இருக்கும் சிறு மூடியைத் திறந்து கையை விட்டால் போதும். பெட்டியின் முதுகில் இரண்டு மூன்று ஹோல்டர்கள் இருக்கும். சிக்னலுக்குரியதை இடப்பக்கமாகக் கால் சுற்றுச் சுற்றினால் கழன்றுவிடும். எதுவென்று தெரியாவிட்டால், வேலை செய்யும் மற்றப் பக்கத்தில் மின்னும் இடத்தைப் பார்த்து ஒப்பிடலாம்.

குமிழில் இரண்டு வகை உண்டு. பித்தளைக் குப்பியும் பக்கத்தில் இரு சிறு முளைகளும் உள்ளதை உள்ளே அமுக்கிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அடிப்பாகம் தட்டையாக முழுக் கண்ணாடியாக இருந்தால் நேராக இழுக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் கார்களில் இதுவே அதிகம். எரிந்திருந்தால் தொடாதீர்கள், சுடும். எங்களுடையதில் உள்ளே இழை அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது.

பழைய குமிழைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் காட்டுவதே புத்தி. மேல்மூடி செம்மஞ்சளாக இருந்தால் உள்ளே வெள்ளைக் குமிழ். மூடி வெள்ளையாக இருந்தால் செம்மஞ்சள் குமிழ். மாற்றிப் போட்டால் பின்னால் வெள்ளை மின்னும், ரிவர்ஸ் எடுக்கிறார்களோ என்று பார்ப்பவர் குழம்புவார். செம்மஞ்சள் குமிழின் முளைகள் நேரெதிராக இல்லாமல் சற்று விலகி இருப்பது இந்தப் பிழையைத் தடுக்கத்தான். பிரேக்குக்குரிய குமிழில் இரண்டு இழை இருக்கும், 21/5 என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இதற்குள் பலவந்தமாகத் திணிக்கக் கூடாது. கூடிய வாட் போட்டால் மூடி உருகும். எல்ஈடி குமிழ் மின்னோட்டத்தைக் குறைவாக எடுப்பதால் பழைய காரில் மீண்டும் அந்த 'டிக்டிக்டிக்' தொடங்கிவிடும். சரியான சாதாரணக் குமிழின் விலை ஒரு கிலோ மீனின் விலைகூட வராது. நான் இரண்டு வாங்கினேன்.

புதியதைப் போட்டும் எரியவில்லை! மச்சிக்குச் சிரிப்பு. டோர்ச் அடித்து ஹோல்டருக்குள் பார்த்தால் பச்சைக் களிம்பு. சோளகக் காற்றில் நம் வீட்டு ஜன்னல் கம்பியே அரித்துப்போகும்போது, பித்தளை என்ன செய்யும்? பிள்ளையின் நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தோம். பிறகு பளிச்சென்று மின்னியது. குமிழின் குப்பியில் மிக மெல்லியதாக வாஸலீன் பூசினேன், ஈரம் ஏறாது. பெட்டியைப் பூட்டும்போது அதன் றப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நழுவினால் மாரி மழை உள்ளே போய்விடும். இவ்வளவும் செய்தும் எரியாமல், சிக்னல் போடும்போது பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மின்னினால் 'எர்த்' வயரில் குறை. அதைக் கராஜில் காட்டுவதே நல்லது.

ஒரு சுவாரசியமான செய்தி. 1914 அளவில், பொத்தானை அழுத்தினால் காரின் பின்னால் உயர்ந்து திசை காட்டும் ஒரு கையை வடிவமைத்தவர் அமெரிக்க மௌனப்பட நடிகை பிளோரன்ஸ் லோரன்ஸ் என்று சொல்வார்கள். 1939இல் பியூக் நிறுவனம் மின்னும் சிக்னலைக் கொண்டுவந்தபோது அதைக் காரின் பின்பக்கத்தில்தான் வைத்தது. முன்னால் வந்தது அதன் பிறகு.

வருடாந்த வாகன வரிக்கு முன் செய்யும் புகைப் பரிசோதனையில் எஞ்சின் புகையைத்தான் பார்ப்பார்கள், குமிழை அல்ல. நம் பகுதியிலோ வீதியும் இருட்டு, மாடுகளும் படுத்திருக்கும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பிறகு முசலிக்குத் திரும்பத் தொடங்கிய குடும்பங்கள் பல இன்னும் புத்தளத்துக்கும் ஊருக்குமாக அலைகின்றன. பிள்ளைகளும் மூட்டைகளுமாக இரவில் வந்து சேர்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

தனியாக இருக்கும்போது பின் லைட்டைப் பார்க்க ஆள் தேடத் தேவையில்லை. இருட்டியபின் வெள்ளைச் சுவர் அருகே காரைப் பின்பக்கமாக நிறுத்தி, சிக்னலைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் செம்மஞ்சள் ஒளி விழும். குமிழ் மாற்றும் வரை ஓட்டியே தீர வேண்டுமென்றால் பகலில் மட்டும் ஓட்டுங்கள். திரும்புவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, வலக்கையை ஜன்னலால் நேராக நீட்டிக் காட்டுங்கள். இரவில் கை தெரியாது.

நாங்கள் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சி தன் ஸ்கூட்டரையும் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலும் பின் சிக்னல் ஒன்று எரியவில்லை. எத்தனை நாளாகவோ தெரியாது. அதற்கு 10 வாட். என்னிடம் மிச்சமிருந்த குமிழ் பொருந்தாது. மறுநாள் சிலாவத்துறையில் வாங்கி வந்து, திருப்புளியை என்னிடம் தராமல் அவரே கழற்றிப் போட்டார்.