வெந்நீரின் வேகம் குறைந்தால் முதலில் பம்ப் வாங்காதீர்கள்

பெங்களூரு வீடுகளில் ஷவரில் வெந்நீர் மெலிந்து விழத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே கதைதான். பிளம்பர் வருகிறார், எதையும் கழற்றிப் பார்க்காமலே ‘பிரஷர் பம்ப் போட்டுவிடலாம்’ என்கிறார், வீட்டுக்காரரும் தலையசைக்கிறார். பழுது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அடைத்துக்கொண்ட வால்வும் உப்புப் படிந்த கீசரும் அப்படியே கிடக்க, அவற்றின்மேல் புதிய அழுத்தம் ஏறுகிறது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் அழுத்தமானி உண்டு. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டிய முள் இறங்கினால் அவர்கள் கசிவைத் தேடுகிறார்கள். நம் வீட்டு கீசரில் அந்த முள் இல்லாததால் சோதனையை நாமே செய்ய வேண்டும்.

ஒரே குளியலறையில் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் தனித்தனியே திறந்து பாருங்கள். இரண்டுமே மெலிந்தால் கீசரைக் குறை சொல்ல வேண்டாம். 10 மீட்டர் உயரம் தருவது ஏறத்தாழ 1 பார்; மொட்டைமாடித் தொட்டிக்கு 2 மீட்டர் கீழே இருக்கும் ஷவருக்குக் கிடைப்பது 0.2 பார்தான். அது பழுதே அல்ல. கீழ்த்தளத்திலும் மெலிந்தால் பாதி மூடிய கேட் வால்வு, குழாயில் சிக்கிய காற்று, தொட்டி வாயில் சேர்ந்த வண்டல் என்று பாருங்கள். வெந்நீர் மட்டும் மெலிந்தால் போர்வெல் நீரின் உப்பு கீசருக்குள்ளும் வால்விலும் படிந்திருக்கும். ஒரு குழாயில் மட்டும் என்றால் அதன் வாயிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாலே போதும். 2024 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது குடிநீர் வாரியம் பொருத்தச் சொன்ன ஏரேட்டர்களும் இப்படித்தான் அடைபடுகின்றன. கசிவு என்ற சந்தேகம் வந்தால், இரவில் எல்லாக் குழாய்களையும் தொட்டிக்கு நீர் வரும் வழியையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள்.

இனிச் சொல்வதுதான் உயிர் காக்கும் செய்தி. கீசரின் சேஃப்டி வால்வு, சூடேறும் நேரத்தில் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். 15 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 300 மில்லி பெருகும். திரும்பிப் போக வழியில்லாத தொட்டியில் அந்த நீர் வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். தரை ஈரமாகிறது என்று அதன் வாயைத் திருகி அடைப்பவர்களை இன்றும் பார்க்கிறோம். தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால் அந்தத் தொட்டி வெடிக்கக்கூடும். சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கும், அல்லது வரும் அழுத்தம் மிகுதி. வால்வை மாற்றுங்கள், அடைக்காதீர்கள்.

‘பம்ப் போட்ட எத்தனையோ வீடுகளில் ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்கலாம். கீசரின் பெயர்த்தகட்டில் 0.8 எம்.பி.ஏ., அதாவது 8 பார் என்று இருந்து, வால்வும் இயங்கினால் பொருத்தமான பம்ப் கெடுதல் செய்யாது. ஆனால் அதைப் பார்த்த பிறகுதானே பம்ப் போட வேண்டும்? இந்த ஊர் மாடிகளில் நிறைந்திருக்கும் சோலார் தொட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கண்ணாடிக் குழாய் வகைகளில் பல, அழுத்தம் தாங்காத தொட்டிகள். அவற்றின் நுழைவாயிலில் பம்ப் வைத்தால் தொட்டி பிளந்துவிடக்கூடும். அந்தத் தொட்டியின் காற்றுக் குழாயை அடைத்தாலும் கேடுதான். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது தீர்வே அல்ல, குற்றம்; தரைக்கடித் தொட்டியான சம்புக்கு வரும் நீரே குறைந்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்யுங்கள்.

கீசரிலோ பிளம்பர் வேலையிலோ குறை என்றால் புகாருக்கு வேண்டியவை: பில், உத்தரவாத அட்டை, பெயர்த்தகட்டின் படம், பிளம்பரிடம் கையெழுத்துடன் வாங்கிய ரசீது. வாய்ப்பேச்சுக்கு எங்கும் மதிப்பில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. புதிய அடுக்ககத்தில் குழாய் வேலையே குறை என்றால் வழி வேறு. ரெரா எனப்படும் வீடு, மனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் குறையை 30 நாளில் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முதலில் தேதியிட்ட கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாள் கழிந்தால் கர்நாடக ரெரா இணையதளத்தில் புகார். அலுவலகம் மிஷன் ரோடு, சிஎஸ்ஐ வளாகத்தில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது புகார் ஆகாது; ஐந்தாண்டுக் காலத்தை அப்படியே கழித்துவிட்டு வருந்துவோர் ஏராளம்.

உங்கள் கீசரின் சேஃப்டி வால்வை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். அடைத்திருந்தால், புதிய வால்வு மாட்டும்வரை சுவிட்சைப் போடாதீர்கள்.