பாத்தி கட்டும் முன் கோரையைக் கவனியுங்கள்

மாடித் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கவலை அதிகம் கிடையாது. கொல்லையில் நாலு கத்தரி, நாலு வெண்டை போடலாம் என்று மண்ணில் இறங்குபவர்களைத்தான் கோரை சோதிக்கும். உலகின் மோசமான களைகளைப் பற்றி 1977-ல் வெளிவந்த லெராய் ஹோம் குழுவினரின் புகழ்பெற்ற நூல் முதலிடம் கொடுத்தது இந்தக் கோரைக்குத்தான். நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கென்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தக் கோரைக்கிழங்கும் இதுவே!

பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அதிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி நீளும். முனைக் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி சங்கிலியை அறுத்ததும் அவையும் விழித்துக்கொள்ளும். ஒருமுறை கொத்திவிட்டு நிம்மதியாக இருந்தவர் வீட்டில் முன்னைவிட அடர்த்தியாகக் கோரை எழும்புவது இதனால்தான். ரோட்டவேட்டர் ஓட்டுவதும் கிழங்கைப் பரப்பும் வேலையே.

எழும்பட்டும், விடாமல் கொத்துங்கள். முளைத்த இரண்டு வாரத்துக்குள் கொத்தினால் புதுக் கிழங்கு பிடிக்க வழியிராது. பழைய கிழங்கின் சேமிப்பும் கரையும். அதிகமான கிழங்குகள் மேல் அரையடி மண்ணில்தான் கிடக்கும். சித்திரை வெயிலில் தண்ணீரை நிறுத்தி, மண்ணைப் புரட்டி அவற்றை மேலே கொண்டுவந்தால் காய்ந்து சாகும். கோரைக்குக் காய்ச்சலும் ஆகாது, நிழலும் ஆகாது. கோடை மழை கிடைத்ததும் சணப்பையோ தட்டைப்பயறையோ நெருக்கி விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் எஞ்சியது சோர்ந்துபோகும், மண்ணுக்கு உரமும் ஆகும்.

பாலித்தீன் மூடாக்கைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். விதையில் முளைக்கும் களைகளுக்குச் சரி. கோரையின் கூர்முனை தாளையே துளைத்து வந்துவிடும். அருகம்புல்லானால் துண்டு துண்டாக வெட்டாமல் முள்கரண்டியால் கிளறி, கொடியை முழுசாக எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். பச்சையாக எருக்குழியில் போட்டால் எருவோடு பாத்திக்கே திரும்பி வரும்.

கிளைபோசேட் அடித்தால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தாரைத் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்கிறது.

ஆடியில் விதைக்க நினைப்பவர்கள் சித்திரையிலேயே மண்வெட்டியை எடுங்கள். தாமதமாகிவிட்டால் இந்தப் பட்டத்தை விட்டுவிட்டு, கோரை ஒடுங்கிய பிறகு நாற்று வாங்குங்கள்.