ஐம்பத்து மூன்று மணி, ஆறு மூச்சு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். முப்பதாவது வளைவுக்குள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், தூக்கத்தால் அல்ல. மேலே போய் இறங்கினால் ஊர்க் கூட்டங்களுக்கு 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள், ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. அவற்றில் ஒன்று அரியூர் நாடு.

அந்த அரியூர் நாட்டில் ஒரு கத்தோலிக்க வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் அக்டோபர். மற்றவர்களுக்கு மழை பிடிக்கும் மாதம், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை மாதம். கரண்ட் போய்விட்டது. மாதா படத்துக்கு முன்னால் ஒரே ஒரு மெழுகுவத்தி. அன்பியம் கூடியிருக்கிறது. பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, முறைவைத்து வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் சிறு குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். தமிழகத் திருச்சபை தந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. படத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டி கையில் ஐம்பத்து மூன்று மணி செபமாலை. அவர் மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியைச் சொல்கிறார். மற்றவர்கள் பின்பாதியைச் சொல்கிறார்கள். மறுபடி பாட்டி. மறுபடி மற்றவர்கள்.

இப்போது பாட்டியை விட்டுவிட்டு மெழுகுவத்தியைப் பாருங்கள். அவர் சொல்லும்போது சுடர் விலகிச் சாய்கிறது, நடுங்குகிறது. மற்றவர்கள் சொல்லும்போது நிமிர்கிறது. அந்த நேரத்தில் பாட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்து மூன்று முறை சாய்ந்து ஐம்பத்து மூன்று முறை நிமிரும் அந்தச் சுடரில் ஒரு நல்ல உடலியல் பாடம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு கையின் மணிக்கட்டில் மறு கையின் இரண்டு விரல்களை வைத்து நாடி பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, விடும்போது தளர்கிறது. இளவயதுக்காரர்களுக்கு இது தெளிவாகவே தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்து, மார்பு, வயிறு என்று ஊர் சுற்றிவரும் வேகஸ் நரம்பின் வேலை அது. (லத்தீனில் வேகஸ் என்றாலே அலைபவன்.) இதயத்துக்கு அது ஒரு பிரேக். மூச்சு உள்ளே போகும்போது பிரேக் தளர்கிறது, வெளியே வரும்போது இறுகுகிறது. ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்வது என்பது, உடலின் கணக்கில், ஒரு நீண்ட வெளிமூச்சு. நம் பாட்டி அரை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து விடுகிறார்.

2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து மருத்துவர் லூச்சியானோ பெர்னார்தியும் கூட்டாளிகளும் ஆரோக்கியமான 23 பேரை உட்காரவைத்து, மங்கள வார்த்தை செபத்தை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் கருவிகள் பதிவுசெய்தன. சும்மா இருந்தபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 ஆக இருந்த மூச்சு, செபத்தின்போது 6-ஐ ஒட்டி இறங்கியது. மந்திரத்துக்கும் அதே 6. ஒருமுறை சொல்லி முடிக்க 10 விநாடி ஆனால் நிமிடத்துக்கு ஆறுதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கேட்க வேண்டியது அதுவல்ல: ஏன் 10 விநாடி?

மூச்சை மறந்துவிட்டாலும் ரத்த அழுத்தம் தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, சுமார் 10 விநாடிக்கு ஓர் அலையாக. 1876-இல் இதை எழுதிவைத்த சீக்மண்ட் மேயர் பெயரால் மேயர் அலை என்கிறார்கள். இந்தப் பத்து விநாடி எங்கிருந்து வந்தது? கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் வருகின்றன. இதயத்தைத் தளர்த்தும் உத்தரவு வேகஸ் வழியாக உடனே போய்ச் சேரும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் உத்தரவு தாமதமாகத்தான் பலிக்கும். குழாய்ச் சுவரில் இருக்கும் தசை மெத்தனமான ஆள். சில விநாடி ஆகும்.

தாமதமாகத் திருத்துகிற எந்த ஏற்பாடும் ஊசலாடும். லாட்ஜ் குளியலறையில் வெந்நீர்க் குழாயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று திருகுவோம், ஒன்றும் ஆகாது, இன்னும் திருகுவோம், திடீரென்று கொதிக்கும், அலறிக்கொண்டு பின்னால் திருப்புவோம், கொஞ்ச நேரத்தில் மறுபடி சில். நம் ரத்த அழுத்தமும் அப்படியே, இவ்வளவு அலறல் இல்லாமல். அந்த ஊசலின் இயற்கையான நேரம்தான் பத்து விநாடி. ஊஞ்சலுக்கு ஒரு நேரம் இருப்பதுபோல. ஊஞ்சல் திரும்பி வரும் அந்தக் கணத்தில் லேசாகத் தள்ளினால் போதும், உயரப் போகும். மூச்சும் அதே பத்து விநாடிக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு மூச்சும் சரியான கணத்தில் ஒரு தள்ளு. மூச்சு, துடிப்பு, அழுத்தம் மூன்றும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. பெர்னார்தியின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அழுத்தம் ஒரு அலகு ஏறினால் அடுத்த துடிப்பை இதயம் எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்பது, சும்மா இருந்தபோது சராசரியாக 9.5 மில்லிவிநாடி, செபத்தின்போது 11.5. இதயம் கூர்மையாகக் காது கொடுக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

இத்தாலியர்கள் செபத்தையும் மந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது பெரிய துணிச்சலாகத் தோன்றலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்கு அதில் புதுமை ஏது? அவர்களுடைய பழைய செபப் புத்தகங்களில் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் என்றுதான் பெயரே.

ஆனால் லத்தீன் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். யாப்பிலக்கண அசை அல்ல, வாய் ஒருமுறை திறந்து மூடும் ஒலித்துண்டு. லத்தீனில் மொத்தம் சுமார் 70. பாட்டிகள் சொல்கிற, சர்வேசுரன் வருகிற பழைய தமிழ்ப் பாடத்தில் 100-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு. நிறுத்தி நிதானமாகச் சொன்னால் 15 விநாடியாவது பிடிக்கும். அன்பியக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு நம்மவர்கள் கண்ட வழி தெரியும். பாட்டி முன்பாதியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் மற்றவர்கள் பின்பாதியைத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் 'ஆமென்' சொல்வதற்குள் பாட்டி அடுத்த மணிக்குப் போயிருப்பார். வீடு கட்டுகிறவர் ஒரு செங்கல்மேல் பாதி ஏற்றி அடுத்த செங்கலை வைப்பதுபோல. பங்குத்தந்தைகள் சிலர் "ஏன் இப்படி ஓட்டுகிறீர்கள்" என்று கடிந்துகொள்வதுண்டு. உடலியல் பாட்டிகள் பக்கம்தான்.

இந்தப் பாதிப் பாதி ஏற்பாடு செபத்தோடு பிறந்ததல்ல. ஆதியில் இருந்தது முன்பாதி மட்டும், லூக்கா நற்செய்தியில் வானதூதரும் எலிசபெத்தும் சொல்லும் வாழ்த்து. மன்றாட்டான பின்பாதி மெல்ல மெல்ல வந்து ஒட்டி, 1568-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ரோமைத் திருப்புகழ்மாலையில்தான் இன்றைய வடிவத்தில் நிலைபெற்றது. எழுத்துத் தெரியாதவர்கள் 150 சங்கீதங்களுக்குப் பதிலாக 150 மங்கள வார்த்தை சொல்லும் பழக்கம் அதற்கும் முந்தையது. அது வாய்வழியாகவே நம் கரைக்கும் வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களை உள்ளூர்க்காரர்கள் துணையோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தாம் உரக்கச் சொல்ல மற்றவர்களைத் திருப்பிச் சொல்லவைத்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் அச்சேறியது அதற்குப் பிறகு. புத்தகத்துக்கு முன்பே இங்கே மூச்சு வந்துவிட்டது.

ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிக்கொள்வது தமிழனுக்குச் சவேரியார் கற்றுத்தர வேண்டியதாகவும் இல்லை. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, வலையிழுக்கும்போது ஐலசா, சபரிமலை ஏறும்போது சரண கோஷம்: எல்லாம் இதே வார்ப்பு. மலை ஏறுகிறவனும் தண்ணீர் இறைக்கிறவனும் மூச்சை வீணாக்க முடியாது. தொடர்ந்து தனியாகப் பாடினால் திணறிப்போவான். பாதியை அடுத்தவன் வாயில் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் தான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

செபமாலையிலும் எனக்கு ஆச்சரியம் தருவது இதுதான். நிமிடத்துக்கு ஆறு மூச்சை எந்தக் கைப்பேசிச் செயலியும் இன்று சொல்லித்தரும், 'இழு, விடு' என்று. தனியாகப் பழகுகிறவருக்கு மனம் மூச்சிலேயே மாட்டிக்கொள்கிறது. கூட்டத்தில் அந்தக் கவலை இல்லை. நான் எப்போது மூச்சு விட வேண்டும் என்பதை என் வரி சொல்கிறது. எப்போது இழுக்க வேண்டும் என்பதை உங்கள் வரி சொல்கிறது. எத்தனை ஆயிற்று என்பதைக் கட்டைவிரலுக்கடியில் நகரும் மணி பார்த்துக்கொள்கிறது. மனம் வேறு எங்காவது போகலாம். தேவ இரகசியங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் அடுப்பில் வைத்த பாலுக்குப் போகிறது.

பின்பாதியைச் சொல்லும் கூட்டத்துக்குள் வேறோர் அற்புதம் நடக்கிறது. டப்ளினில் பேச்சொலி ஆராயும் பிரெட் கம்மின்ஸ், இரண்டு பேரை ஒரே பகுதியைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லி அளந்திருக்கிறார். இருவர் குரலுக்கும் இடைவெளி சராசரியாக 40 மில்லிவிநாடி அளவுதான். ஓர் ஒலியைக் கேட்டு ஒரு பொத்தானை அழுத்தவே மனிதனுக்கு 150 மில்லிவிநாடி பக்கம் ஆகும். ஆக, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பின்தொடர்ந்தால் இந்த நெருக்கம் வராது. அவர் வாயில் அடுத்து என்ன எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் நம் வாய் திறக்கிறது. முதல்நாள் வந்த மருமகளும் அரைக் கண் தூக்கத்தில் இருக்கும் மாமனாரும் ஒரே சொல்லில் ஒரே கணத்தில் இறங்குவது இப்படித்தான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 14 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் 40 மில்லிவிநாடி பிந்தித்தான் வந்துசேரும். வீட்டுக் கூடத்தில் இது பொருட்டே அல்ல. தேர்ப் பவனி மலைப்பாதையில் 170 மீட்டர் நீண்டுவிட்டால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அரை விநாடி வித்தியாசம். முன்னால் இருப்பவர்கள் முடித்த சொல்லைப் பின்னால் வருபவர்கள் இன்னும் மென்றுகொண்டிருப்பார்கள். முன்னால் ஓர் ஒலிபெருக்கி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். அதிலிருந்து வருவதும் அதே காற்றின் வழியாகத்தான்.

சேர்ந்து பாடினால் இதயமும் சேருமா? ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் குழு 2013-இல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தது. ஒரு ஞானப்பாடலைச் சேர்ந்து பாடியபோது அவர்களின் துடிப்புகள் சேர்ந்து விரைந்து சேர்ந்து தளர்ந்தன. எல்லோரும் அடிமுடிவில் ஒன்றாக மூச்செடுப்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே கிராமத்தில் கிடைத்த பதில் அவ்வளவு எளிதாக அடங்கவில்லை. புனித அருளப்பர் திருநாளுக்கு முந்தைய இரவு, ஜூன் 23, அங்கே தீமிதி நடக்கும். ஆம், நம்மூர்போல வெறுங்காலோடு தணலில். மிதிக்கிறவர்களுக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் கருவி மாட்டிய ஆய்வாளர்கள் 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மிதித்தவர்களின் துடிப்போடு உறவினர், நண்பர்களின் துடிப்பு சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு அப்படி இல்லை. உறவினர்கள் பாடவில்லை, சேர்ந்து மூச்செடுக்கவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. மூச்சுக் கணக்கு மட்டும் போதாது என்பதை இந்த ஒரு ஆய்வு அடக்கமாகச் சொல்லிவிடுகிறது. யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது.

பெர்னார்தியின் ஆய்வை வைத்துக்கொண்டு 'செபமாலை இதய நோயைக் குணமாக்கும்' என்று வாட்ஸ்அப்பில் உலவுவது பச்சைப் பொய். அவர்கள் சோதித்தது 23 பேரை, அதுவும் ஆரோக்கியமானவர்களை, அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும். மாத்திரைக்கு அது மாற்று அல்ல. மன்றாட்டு கேட்கப்பட்டதா என்பதைச் சொல்லும் கருவியும் அந்த அறையில் இல்லை.

அரியூர் நாட்டு வீட்டில் ஐந்தாவது பத்து முடியப்போகிறது. பாட்டிக்குக் களைப்பு. வரியின் நடுவில் மூச்சு அறுந்து குரல் நின்றுவிடுகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தியின் குரல் அந்தச் சொல்லிலேயே ஏறி, வரியை முடிக்கிறது. அடுத்த மணிக்குப் பாட்டி தயார்.

பிறகு கரண்ட் வருகிறது. பால் இல்லாத மலைக் காப்பி வருகிறது. மிளகு விலை, மழை, இருபத்திரண்டாவது வளைவில் நின்றுபோன வண்டி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறார்கள். மூச்சு மறுபடி நிமிடத்துக்குப் பதினாலு. பாட்டி குனிந்து மெழுகுவத்தியை ஊதுகிறார். இரண்டு தடவை ஊத வேண்டியிருக்கிறது.